எதற்கென்று கேட்காதவர்

என் கடையின் பின்னறையில் ஆறு வருஷம் உட்கார்ந்து வேலை பார்த்தார். அந்த ஆறு வருஷத்தில் யாரிடமும் அவர் "எதுக்குங்க?" என்று கேட்டு நான் பார்த்ததில்லை. எனக்கோ வாய் நீளம். ஆதார் நகல் எடுக்க வருகிறவரிடம்கூட, "லோனுக்குங்களா, சிம்முக்குங்களா?" என்று கேட்டுவிடுவேன். அவர் கேட்க மாட்டார். நல்ல மனிதர் என்றுதான் எல்லோரிடமும் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் கெட்டவர் என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் முன்னைப் போலச் சட்டென்று நல்லவர் என்றும் சொல்ல முடிவதில்லை.

கடை உக்கடத்தில், குளத்துக்கு இந்தப் பக்கம் உள்ள தெருவில் இருக்கிறது. ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைனில் பாரம் நிரப்பிக் கொடுப்பது, இவைதான் வேலை. அத்தா ஆரம்பித்த கடை. அத்தா மௌத்தான பிறகு நான் பார்த்துக்கொள்கிறேன். கீழே கடை, அதை ஒட்டி நானும் அம்மாவும் இருக்கும் வீடு, மாடியில் வாடகைக்கு விடும் ஒற்றை அறை. கடையின் பின்னறையில் பழைய பேப்பர் கட்டுகள் கிடந்தன. அங்கே ஒரு மேஜை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுக்கொண்டு வந்தவர்தான் இவர். நாற்பதை ஒட்டிய வயசு. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம். ஒரு மில்லில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்திருக்கிறார், மில்லை மூடிவிட்டார்கள். இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை, பையில் ஒரு பென்சில், கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மணி என்பார். பேரை எழுதப் போவதில்லை.

அவர் செய்வதை வெப்சைட் என்று சொன்னால் கூச்சப்படுவார். "பக்கமுங்க" என்பார். ஒரு பக்கம் ஒரு வேலைதான் செய்யும். எழுத ஒரு பெட்டி, அமுக்க ஒரு பொத்தான். அவ்வளவுதான். விளம்பரம் கிடையாது, பேரைப் பதியச் சொல்வது கிடையாது. வீணாய்ப்போன ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் முதலில் படம் போடுவார். கேட்டு வந்தவர் பேசப் பேச, இரண்டாவது பெட்டி ஒன்று போட வேண்டி வந்துவிட்டால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். "இது ரெண்டு வேலைங்க. ரெண்டு பக்கமாப் பண்ணிப்போடலாமுங்க" என்பார்.

எங்கள் தெருவுக்குப் பத்து நாளைக்கு ஒரு தடவைதான் குழாயில் தண்ணீர் வரும். எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. அதற்கு அவர் ஒரு பக்கம் செய்தார். தெருப் பேரை எழுதி அமுக்கினால் "வந்துருச்சு" அல்லது "இன்னும் வர்ல" என்று வரும். முதலில் தண்ணீரைப் பார்க்கிற வீட்டுக்காரி தெருப் பேரோடு வந்துருச்சு என்றும் எழுதி அதே பொத்தானை அமுக்க வேண்டும். ஒரே மாதத்தில் உக்கடம் முழுக்க அந்தப் பக்கம் பரவிவிட்டது. மாவு அரைத்துக்கொண்டே போனைப் பார்க்கிற பெண்களை அப்போதுதான் பார்த்தேன். சென்னிமலையிலிருந்து ஒரு நெசவுக்காரர் வந்தார். போர்வையின் அளவைப் போட்டால் நூல் எவ்வளவு வேண்டும் என்று அவருக்கு ஒரு பக்கம். மாட்டுக்குச் சினை ஊசி போட்ட தேதியை எழுதினால் கன்று போடும் தேதி சொல்கிற பக்கம் ஒன்று. எங்கள் பக்கத்து வீட்டு மருமகள் அந்த மாட்டுப் பக்கத்தில் தன் தேதியைப் போட்டுப் பார்த்து வைத்திருந்தாள். அவளைக் கேலி செய்து நான் சிரித்த சிரிப்பில் அவர் பின்னறையிலிருந்து எட்டிப் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்கவில்லை.

எந்தப் பக்கமானாலும் முடித்ததும் அவர் தொட மாட்டார். கேட்டவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "மொத அமுக்கு உங்களுதுங்க" என்பார். அவர்கள் அமுக்கி, பதில் வந்து, முகம் மலர்ந்த பிறகுதான் ஊருக்குத் திறந்து விடுவார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஒரு வரி இருக்கும்: இது பத்தலைன்னா நேர்ல வாங்க. கீழே எங்கள் கடை விலாசம். போனில் யார் கேட்டாலும் செய்ய மாட்டார். ஆள் வந்து எதிரே உட்கார வேண்டும். வந்துவிட்டால் அவர் குடித்துக்கொண்டிருந்த டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

எதற்கென்று அவர் கேட்காததை முதலில் நான் பெரிய குணமாக நினைத்தேன். ஒரு பெண் வந்தாள். ஒரு பொத்தான் மட்டும் வேண்டும், தினம் ஒரு தடவை அமுக்குவேன், எத்தனை நாள் ஆயிற்று என்று காட்ட வேண்டும் என்றாள். செய்து கொடுத்தார். இரண்டு மாதம் கழித்து வந்து அவருக்கு ஒரு சீப்பு கதலிப்பழம் கொடுத்தாள். "அறுவது ஆச்சுங்கண்ணா" என்றாள். அவள் போன பிறகு நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வீட்டுக்காரன் குடிக்காமல் இருந்த நாட்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் முதல் நாளே குடைந்து கேட்டு அவளைக் கூச வைத்து ஓட்டியிருப்பேன். இப்படி வெளியே சொல்ல முடியாததை வைத்துக்கொண்டிருந்த எத்தனையோ பேர் அவரைத் தேடி வந்தார்கள்.

பிறகு ஒருவன் வந்தான். நல்ல உடுப்பு, செண்டு வாசம். ஒரு லிங்க் வேண்டும், அதைத் தொட்டால் தொட்டவர் எந்த இடத்தில் இருக்கிறார் என்று தன் போனுக்கு வர வேண்டும் என்றான். அரை மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. ஒரு மாதம் போயிருக்கும். ஒரு பெண் விலாசம் மாற்ற ஆதாரோடு கடைக்கு வந்தாள். இடது கண் மூடிப்போய் வீங்கியிருந்தது. போட்டோ எடுக்க முடியாது, வீக்கம் வற்றியதும் வா என்றேன். எப்படி ஆயிற்று என்று வழக்கம் போலக் கேட்டேன். கோயில் படம் என்று ஒரு லிங்க் வந்ததாம், தொட்டாளாம். அக்கா வீட்டில் ஒளிந்திருந்தவளை வீட்டுக்காரன் நேராக வந்து பிடித்துவிட்டானாம்.

அன்றைக்கு நான் பின்னறைக்குப் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன். "ஏனுங்கண்ணா, அந்தாளு எதுக்குக் கேக்கறான்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதுங்களா?"

பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு, "பழக்கமில்லீங்க அம்மணி" என்றார்.

"இதுல என்னங்க பழக்கம்?"

"எங்கப்பனுக்குத் தோட்டத்துல வேலைங்க. வாய்க்கா வெட்டச் சொன்னா வெட்டோணும், மூடச் சொன்னா மூடோணும். எட்டு வயசுல ஒருக்கா, வெட்டுன வாய்க்கால எதுக்குங்க மூடறதுன்னு நாங்கேட்டுப்போட்டனுங்க. தோட்டத்துக்காரரு என்னைய ஒண்ணும் சொல்லுலீங்க. எங்கப்பனத்தான் பாத்தாரு. ஊட்டுக்கு வந்து எங்கப்பன் அடிச்ச அடியில ரெண்டு நாளு எந்திரிக்குல. அடிச்சுப்போட்டு எங்கப்பனே அளுதுச்சு. அப்பறம் ஆருகிட்டயும் கேக்கறதில்லீங்க."

அந்த லிங்க் பக்கத்தை அன்றைக்கே எடுத்துவிட்டார். நான் எடுக்கச் சொன்னேன், எடுத்தார். அவரே யோசித்து எடுத்தாரா, சொன்னதால் எடுத்தாரா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து அவர் யாருக்காவது பென்சிலால் பெட்டி வரைந்தால் என் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன்.

இப்போது மாடியில் இருந்த பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதெல்லாம் நடந்த காலத்தில் அவளும் அவள் வீட்டுக்காரனும் மாடி அறைக்குக் குடி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவளுக்கு இருபத்திரண்டு வயசு. அவன் கணபதியில் ஒரு பவுண்டரியில் வேலை பார்த்தான். என் வாயிலிருந்து யார் தப்ப முடியும். வந்த வாரமே பேர், ஊர், கதை எல்லாம் கேட்டுவிட்டேன். அவள் வீட்டில் பெரிய தோட்டம். இவனுடைய அப்பா அதே தோட்டத்தில் வேலை செய்தவர். இரண்டு பேரும் ஒரே காலேஜ். யாருக்கும் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு வந்திருக்கிறார்கள்.

"கண்டுபுடிச்சா உசுரோட உட மாட்டாங்கக்கா" என்றாள். அப்போது பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள், கை நிற்கவே இல்லை. "திருப்பூர்ல தேடுவாங்க, காந்திபுரத்துல தேடுவாங்க. பாய்மாருங்க தெருவுல நாங்க இருப்பம்னு அவங்களுக்குத் தோணவே தோணாதுங்க்கா. அதனாலதான் உக்கடத்துக்கு வந்தோம்."

யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்தேன். அவரிடமும் சொல்லவில்லை. அவர்தான் கேட்க மாட்டாரே. மத்தியானத்தில் அவள் கீழே வந்து எனக்குப் பாரங்கள் டைப் அடித்துக் கொடுப்பாள். அவருடைய பக்கங்களில் எழுத்துப் பிழை பார்ப்பாள். அவளைக் கண்ணு என்று கூப்பிடுவார். வீட்டிலிருந்து கொண்டுவரும் எலுமிச்சம்பழச் சாதத்தில் பாதியை டப்பா மூடியில் வைத்து அவள் பக்கம் தள்ளுவார். அவள் சொன்னாள்: "இந்தண்ணன் ஒருத்தருதானுங்க்கா என்னைய ஒண்ணும் கேக்காதவரு. அவுரு பக்கத்துல இருந்தா பயமே தெரியறதில்ல."

அந்த வருஷம் அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ஆப்பரேஷனுக்கு ரத்தம் வேண்டும், ஏபி நெகட்டிவ் என்றார்கள். எங்கேயும் கிடைக்கவில்லை. சொந்தக்காரர், ஜமாத் ஆட்கள், தெரிந்தவர் தெரியாதவர் என்று எல்லோரையும் கேட்டு ஓய்ந்து கடைப் படியில் உட்கார்ந்து அழுதேன். மாடியிலிருந்து இறங்கி வந்தவள், "என்ற குரூப்பு அதுதானுங்க்கா. காலேஜ்லயே வருசா வருசம் குடுப்பேன்" என்றாள். என் அம்மா இன்றைக்குக் கம்பு ஊன்றி நடக்கிறார் என்றால் அது அவள் ரத்தம்.

அம்மா வீடு வந்ததும் நான்தான் அவரிடம் போய்ச் சொன்னேன், ரத்தத்துக்கு ஒரு பக்கம் வேணுமுங்கண்ணா என்று. தாளில் வரைந்தார். ரத்த குரூப்புக்கு ஒரு பெட்டி, ஏரியாவுக்கு ஒரு பெட்டி. "ரெண்டு பெட்டி ஆவுதுங்களே" என்று தலையைச் சொறிந்தார். பக்கத்துக் கஷ்டத்துக்குப் பக்கத்து ஆள்தானே ஓடி வர முடியும், ஏரியா இல்லாமல் எப்படி என்று நான்தான் அடம் பிடித்தேன். குரூப்பையும் ஏரியாவையும் போட்டால் அந்த ஏரியாவில் ரத்தம் கொடுக்கத் தயாராக இருப்பவர்களின் போன் நம்பர் வரும். பேர் வேண்டாம் என்றாள் அவள். பேர் இல்லாவிட்டால் பயமில்லை என்று அவளும் நானும் நினைத்தோம். அந்தப் பக்கத்தில் முதல் நம்பர் அவளுடையது. ஏபி நெகட்டிவ், உக்கடம். நான்தான் என் கையால் அடித்தேன்.

ஆறேழு மாதத்தில் ஆயிரக்கணக்கில் நம்பர் சேர்ந்துவிட்டது. அவள் இரண்டு தடவை போய்க் கொடுத்துவிட்டு வந்தாள். திரும்பி வரும்போது முகம் தெளிவாக இருக்கும். மறைந்து வாழ்கிறவளுக்கு அந்த ஒரு வேலைதான் வெளிச்சத்தில் போய்ச் செய்கிற வேலையாக இருந்தது. அதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு எப்படி மனசு வரும்.

ஒரு மத்தியானம் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் ஒருவர் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். "ஏனுங்க அம்மணி, இந்த ரத்தத்துப் பக்கம் செஞ்சவங்க இங்கதான் இருக்கறாங்களாமுங்க" என்றார். அவ்வளவு மரியாதை. பின்னறையைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பொறுத்து எட்டிப் பார்த்தேன். எங்கள் அண்ணா எழுந்து நின்றுகொண்டிருந்தார். கலெக்டர் ஆபீஸ் ஆள் வந்தால்கூட உட்கார்ந்தே பேசுகிறவர் அவர்.

"நல்ல காரியம் பண்ணியிருக்கறீங்க தம்பி. எந்தூருங்க?"

ஊரைச் சொன்னார்.

"ஆரு பையனுங்க?"

அப்பா பேரைச் சொன்னார். வந்தவர் ஒரு நிமிஷம் அவரையும் கழுத்துச் சிலுவையையும் பார்த்தார். அதற்குப் பிறகு வந்தவர் பேச்சில் 'ங்க' இல்லை.

"செரி. நம்ம சொந்தத்துல ஒரு அவசரம். ஏபி நெகட்டிவ். ஒவ்வொரு ஏரியாவாப் போட்டுப் பாக்க நேரமில்ல. அந்த ஏரியாப் பெட்டிய எடுத்துப்போடு. குரூப்பப் போட்டா மாவட்டத்துல இருக்கற அத்தன பேரும் வரோணும்."

"பண்ணிப்போடலாமுங்க" என்றார் அவர். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது, எனக்குத் தெரியும். அந்த இரண்டாவது பெட்டி முதல் நாளிலிருந்தே அவரை உறுத்திக்கொண்டிருந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. "எந்த ஆஸ்பத்திரிங்க?" என்று கேட்டேன். வந்தவர் என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "நம்மூர்ப் பக்கமுங்க அம்மணி" என்றார். எனக்கு மட்டும் 'ங்க' இருந்தது.

பத்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, "மொத அமுக்கு உங்களுதுங்க" என்றார். வந்தவர் உட்கார்ந்து அமுக்கினார். ஐந்து நம்பர் வந்தது. பிரிண்ட் கேட்டார், நான் எடுத்துக் கொடுத்தேன். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். டீ சொன்னேன், நிதானமாகக் குடித்தார். அவசரம் என்று வந்தவர் ஒரு நம்பருக்குக்கூட அங்கிருந்து போன் போடவில்லை. அது எனக்கு உறுத்தியது. "இங்கிருந்தே கூப்புட்டுப் பாருங்களேன்" என்று சொல்லியும் பார்த்தேன். "ஊட்டுக்குப் போயிக் கூப்புட்டுக்கறனுங்க" என்றார். நான் விட்டுவிட்டேன். அந்த நேரம் முழுக்க மாடியில் அவள் துணி அலசிக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கீழே நன்றாகக் கேட்டது.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு அவள் படியிறங்கி வந்தாள். மஞ்சள் சுடிதார், தலை வாரி முடிந்திருந்தாள். "அக்கா, பெரியாஸ்பத்திரில ஒரு பிரசவ கேசாமுங்க. ரத்தம் கொறஞ்சிருச்சாம். ஒரு அம்மா போன்ல அளுவறாங்க. போயிட்டு ஒரு மணிக்குள்ள வந்தர்றேன்." யார் கூப்பிட்டது, பழக்கமான குரலா என்றேன். தெரியாத குரல் என்றாள். தெரிந்த குரல் என்றால்தானே பயப்பட வேண்டும் என்று அவளும் நினைத்தாள், நானும் நினைத்தேன். அவர் பின்னறையிலிருந்து, "வெறும் வயித்துல போவாத கண்ணு" என்று சொல்லி எலுமிச்சம்பழச் சாதத்தை நீட்டினார். இரண்டு வாய் நின்றபடியே சாப்பிட்டுவிட்டுப் போனாள்.

ஒரு மணி ஆயிற்று. ஒன்றரை ஆயிற்று. போன் அடித்தது, எடுக்கவில்லை. இரண்டு மணிக்கு ஸ்விட்ச் ஆஃப் என்றது. நான் அந்தப் பக்கத்தைத் திறந்து ஏபி நெகட்டிவ் என்று அமுக்கினேன். மற்ற நாலு நம்பருக்கும் போன் போட்டேன். முதல் ஆள் எடுக்கவில்லை. இரண்டாவது ஒரு லேத் பட்டறைக்காரர். "ஆமாங்க, முந்தாநேத்து ஒருத்தங்க கூப்புட்டாங்க. நான் அலோன்னு சொன்னதும், ரத்தம் கெடச்சிருச்சுங்கன்னு வெச்சுட்டாங்க." மூன்றாவது ஆளும் அதையே சொன்னார். நான்காவது ஒரு வயசான டீச்சர். "என்ற வயசு என்னன்னு கேட்டாங்க கண்ணு. அம்பத்தியெட்டுன்னேன். அப்ப வேண்டாமுங்கன்னுட்டாங்க."

டீச்சரின் போனை வைத்தபோதுதான் எனக்குப் புரிந்தது. அவர்கள் ரத்தத்தைத் தேடவில்லை. குரலைத் தேடியிருக்கிறார்கள்.

அவரிடம் சொன்னேன். அவள் யார், யாருடைய மகள், எதற்காக எங்கள் மாடியில் இருக்கிறாள் என்று எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். ஒன்றரை வருஷமாக நான் பொத்தி வைத்திருந்ததை அந்த ஒரு நிமிஷத்தில் கொட்டினேன். அவர் அசையாமல் கேட்டார். பிறகு சட்டென்று வெளியே ஓடி ஆட்டோவை நிறுத்தினார். பெரியாஸ்பத்திரியின் ரத்த வங்கியில் காலையிலிருந்து அந்த குரூப்பை யாரும் கேட்கவில்லை. கேட்டுக்கு எதிரே டீ விற்கிறவரிடம் அவர்தான் போய்ப் பேசினார். மஞ்சள் சுடிதார் போட்ட பெண்ணை டீக்காரர் பார்த்திருந்தார். "ஒரு அம்மா அந்தப் புள்ள கையப் புடிச்சுட்டு அளுதுட்டே கார்கிட்டக் கூட்டிட்டுப் போச்சுங்க. ஆரும் இழுக்குல. அந்தப் புள்ளதான் அந்தம்மாளுக்குச் சமாதானம் சொல்லிட்டுக் கார்ல ஏறுச்சு."

அவள் வீட்டுக்காரன் பவுண்டரி உடுப்போடு வந்து சேர்ந்தான். ஸ்டேஷனில் எழுதி வாங்கிக்கொண்டார்கள். பெத்தவங்ககிட்டத்தானே போயிருக்குது, கோவம் ஆறினா அனுப்பிச்சு வைப்பாங்க என்று அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னார். அவள் வீட்டாருக்கு எப்படித் தெரிந்தது என்பதும் பிறகு புரிந்தது. அவளுக்கு ரத்தம் கொடுக்கிற பழக்கம் உண்டு என்பதும், என்ன குரூப் என்பதும் வீட்டில் தெரியும். காலேஜில் கொடுத்த சான்றிதழ்கள் அவள் அலமாரியிலேயே இருந்திருக்கின்றன. அவளுடைய நல்ல குணத்தை வைத்தே அவளைப் பிடித்துவிட்டார்கள். வெள்ளை வேட்டியில் வந்தவர் அவளுடைய தாய்மாமன்.

அடுத்த நாள் காலை தெருப்பெண்கள் கடை வாசலில் நின்று என்னைத் திட்டினார்கள். தண்ணீர்ப் பக்கம் திறக்கவில்லையாம். மாட்டுப் பக்கம், போர்வைப் பக்கம், ரத்தப் பக்கம், எதுவுமே திறக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். யாரும் எடுக்கச் சொல்லவில்லை. மேஜைக்கு முன்னால் கம்ப்யூட்டரைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். டப்பா திறக்காமலே இருந்தது. அப்படி நாலு நாள் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார். எனக்கு அவர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கத்தப் போவேன். அவர் முகத்தைப் பார்த்ததும் என் மேலேயே ஆத்திரம் திரும்பிவிடும். நம்பரை அடித்தது நான், தாளை எடுத்துக் கொடுத்தது நான். திரும்பி வந்துவிடுவேன்.

இப்போது அவர் சென்னிமலையில் ஒரு பெட்ஷீட் குடோனில் மூட்டை எண்ணி அனுப்புகிறார் என்று கேள்வி. போனைக்கூட பட்டன் போனாக மாற்றிவிட்டாராம். நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அந்த ஐந்தாம் நாள் காலையில்தான்.

அன்றைக்கு நான் கடையைத் திறக்கும்போதே அவர் வாசலில் நின்றார். கையில் பேப்பர் இருந்தது. உள்பக்கத்தில், கிணற்றுடன் நிலம் விற்பனைக்கு என்ற விளம்பரத்துக்கு மேலே நாலு வரிச் செய்தி. கோபிசெட்டிபாளையம் அருகே இளம்பெண், வயிற்று வலி தாங்காமல் விஷம் குடித்து இறந்தார். உடலை உறவினர்கள் அன்றே எரித்துவிட்டார்கள். பேர் போட்டிருந்தது, வயசு இருபத்திரண்டு என்று போட்டிருந்தது.

அவர் அந்தப் பேருக்குக் கீழே நகத்தை வைத்துக் காட்டினார்.

"இது நம்ம கண்ணு பேரு இல்லீங்களே அம்மணி. நீங்க கூப்பிடற பேரு வேறதானுங்க. இது வேற ஆரோ புள்ளையா இருக்குமுங்களா?"

அவள் எங்களிடம் சொன்ன பேர் வேறுதான். ஒன்றரை வருஷம் நான் கூப்பிட்ட பேர் வேறுதான். மாடிப்படியைக் காட்டினேன். அங்கே அவள் வீட்டுக்காரன் அதே பேப்பரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.